கடைசி வீட்டம்மா காட்டிய பைப்பு

தங்கச் சுரங்கத்துப் பழைய லைன்வீட்டுக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கிற நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். துருப்பிடித்த தெருக்குழாய். கீழே இப்படி எழுதியிருந்தார்: "நம்ம காலத்துல கோல்டு ஃபீல்டு குழாய்த் தண்ணி தேனாட்டம் இருக்கும். கை ஏந்தி அப்படியே குடிப்போம். ஒரு வியாதி வந்திருக்குமா?" அதற்கு நீங்கள் எல்லோரும் கைகூப்புகிற படம் போட்டீர்கள். ஒருவர் கண்ணீர் விடுகிற பொம்மை போட்டார்.

நான் ஒன்றும் போடவில்லை. சாயங்காலம் உங்களில் ஒருவர் போன் செய்து, "இன்னா, உடம்பு கிடம்பு சரியில்லையா? குரூப்புல சத்தமே காணோமே" என்று கேட்டார். நல்லாத்தான் கீறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதைப் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது வருகிற தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சொல்ல வரவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வாரத்தில் ஒரு தரம் வந்தால் பெரிது. முதல் ரெண்டு பக்கெட் டீத்தண்ணி நிறத்தில் வரும். அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு மூன்றாவது பக்கெட்டிலிருந்து பிடிக்கிறோம். குடிக்கக் கேன். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற என் பேரன் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைக்கிறான். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் காலத்துத் தண்ணீர் தேன் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு நாலு. நைனா மைன்ஸில் டிம்பர் வேலை. பூமிக்கு அடியில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. எங்கள் லைனில் ரெண்டு பக்கமும் தகரக் கூரை போட்ட வீடுகள், நடுவில் மண் பாதை, பாதையின் தலைப்பில் சிமெண்ட் மேடை. அந்த மேடையில் ஒரு தூணில் ரெண்டு குழாய்கள். அந்த லைன் முழுக்க அதில்தான் குடித்தது, சமைத்தது, குளித்தது.

தண்ணீர் வருவதற்கு முன்னால் அந்தக் குழாய் இருமும். உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே இருக்கிற காற்று கொர்கொர் என்று வெளியே வரும், அப்புறம் ஒரு துப்பு, அப்புறம் ஒழுகல். அந்த இருமல் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் ஓடுவார்கள். என் தம்பி அவர்களுக்கு முன்னால் ஓடுவான். குடம் வைக்கிற குழியில் காலை வைத்து எம்பி, குழாயில் வாயை வைத்து உறிஞ்சுவான். இரும்பு வாசனை அவன் உதட்டிலேயே இருக்கும்.

நைனாவுக்கு அந்தக் குழாய்மேல் ஒரு பெருமை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வீட்டுக்குள் நுழையமாட்டார். முதலில் குழாயடிக்குப் போய் முகம் கை கால் கழுவி, ரெண்டு கையையும் குவித்து வயிறு முட்டக் குடிப்பார். பக்கத்தில் நிற்கிறவர்களிடம் சொல்லுவார்: "ஊர்ல எங்க அப்பன கெணத்து மேல ஏற உடல. மேலருந்து ஊத்துவாங்க, கீழ குந்திக் கை ஏந்திக் குடிக்கணும். அதுக்குத்தான் ஆற்காட்டு ஜில்லாவ உட்டுட்டு இங்க வந்தாரு. இந்தக் குழாய்க்கு யாரு எவருன்னு தெரியாது." ஒரு நூறு தடவையாவது கேட்டிருப்பேன். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறும்.

ஆனால் குழாய்க்குத் தெரியாதது எங்களுக்குத் தெரிந்திருந்தது. லைன் முடிகிற இடத்தில் பொதுக் கக்கூஸ். அதை ஒட்டி ஒரே ஒரு வீடு தனியாக இருந்தது. கக்கூஸ் அள்ளுகிற அம்மாவும் அவருடைய புருஷனும் ரெண்டு பெண் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். தெலுங்குக்காரர்கள். அந்த அம்மாவை லைனில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். நீங்களும் அதே பெயரைத்தான் சொல்லியிருப்பீர்கள். என் அம்மா மட்டும் 'கடைசி வீட்டம்மா' என்பார். அவர் குடத்தைக் கொண்டுவந்து மேடைக்குக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். எல்லோரும் பிடித்து முடித்த பிறகு மேடை ஏறுவார். அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

என் தம்பி மேல் அவருக்குப் பிரியம். அவன் குழாயில் தொங்கிக்கொண்டு குடிப்பதைத் தூர நின்று பார்த்துச் சிரிப்பார். "நீள்ள சேப்ப மாதிரி கீறான்" என்பார். தண்ணிக்குள் இருக்கிற மீன் போல என்று அர்த்தம்.

அந்த வருஷம் கோடையில் தண்ணீர் குறைந்தது. காலையும் மாலையும் வந்தது காலை மட்டும் என்றானது. வந்தபோதும் நூல் மாதிரி வந்தது. கொஞ்ச நாளில் ஒரு நாற்றம். முதலில் யாரும் அதை நாற்றம் என்று சொல்லவில்லை. அம்மா குடத்தின் வாயில் வேட்டித் துணியைக் கட்டிப் பிடித்தார். துணியில் பழுப்பாய், கொழகொழவென்று ஒரு படலம் நின்றது. "துரு" என்றார். பக்கத்து வீட்டு அத்தை, "டேங்கு அடிமட்டத்துத் தண்ணி" என்றாள். வால்வு திறக்கிற ஆளைக் கேட்டதற்கு, "மழ வந்தா சரியாப்பூடும். காய்ச்சிக் குடிங்க" என்று சைக்கிளை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார். காய்ச்ச விறகுக்கு எங்கே போவது என்று அம்மா முணுமுணுத்தார்.

ஒரு நாள் காலை நான் கக்கூஸுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கக்கூஸ் சுவருக்குப் பின்னால் ஒரு சாக்கடை ஓடும். கடைசி வீட்டம்மா அங்கே துடைப்பத்தோடு குனிந்து நின்றிருந்தார்.

"பாப்பா, ஒரு தபா இங்க வந்து பாரு" என்றார்.

நான் தயங்கினேன். அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது வீட்டில் சட்டம்.

"தொடமாட்டேன். சும்மா பாரு."

போய்ப் பார்த்தேன். கருப்பாய்த் தேங்கியிருந்த சாக்கடையில் ஒரு இடத்தில் மட்டும் கொப்புளம் கொப்புளமாய் வந்துகொண்டிருந்தது. அடியில் சுத்தமான தண்ணீர் பீறிட்டுச் சாக்கடையைக் கலக்கிக்கொண்டிருந்தது.

"இதுக்குக் கீழதான் உங்க குழாய்க்குப் போற பைப்பு. ஒடஞ்சி கீது" என்றார். "இப்போ தண்ணி உடறாங்க, அதான் வெளிய வருது. கொஞ்சம் இரு."

காத்திருந்தோம். தூரத்தில் குழாயடியில் தண்ணீர் நின்றுபோன சத்தம் கேட்டது. குடங்கள் மோதின; யாரோ யாரையோ திட்டினார்கள். கொப்புளம் அடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அதே இடத்தில் சாக்கடையின் மேல் மிதந்த ஒரு வேப்பிலை மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போயிற்று. அப்படியே உள்ளே போய்விட்டது.

"பாத்தியா? தண்ணி நின்னா சாக்கடைய உள்ள இசுக்குது. காலையில அதத்தான் உங்களுக்கு மொதல்ல ஊத்துது." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, பைப்பின் உடைந்த இடத்தைத் தடவிக் காட்டினார். "மேஸ்திரிகிட்ட சொன்னேன். நீ உன் வேலயப் பாருன்னுட்டாரு. உங்க நைனாகிட்ட சொல்லு. நான் சொன்னா கேக்கமாட்டாங்க. நீ சொன்னா கேப்பாங்க."

சரி என்று தலையாட்டினேன். சொல்லவும்தான் நினைத்தேன். ஆனால் வீட்டு வாசலில் அம்மா என் பாதத்தில் இருந்த கருப்புச் சேற்றைப் பார்த்துவிட்டார். "எங்கடி போன?" முதுகில் ரெண்டு அடி. அழுதுகொண்டே கால் கழுவினேன். அதற்குப் பிறகு, சொன்னால் அங்கே போனது தெரிந்துவிடும். நைனாவிடம் விஷயம் போனால் அடி அம்மாவின் அடி மாதிரி இருக்காது, இடுப்பு பெல்ட்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அந்த நாளைக்கு வரவேயில்லை.

ரெண்டு மூன்று நாளில் பக்கத்து வீட்டு அத்தையின் மூத்த மகனுக்கு வாந்திபேதி. பிறகு எதிர் வரிசையில் ஒருவருக்கு. பிறகு அந்த வீட்டிலேயே இன்னொருவருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. முன்னால் நின்றவர்கள் பிடித்து முடிப்பதற்குள் நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குக் கடைசி வீட்டம்மா மேடைக்குக் கீழே காத்திருக்கவில்லை. வரிசையில் குடத்தை வைத்தார். "நாலு நாளா எனக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. பசங்க கீறாங்க" என்றார்.

பக்கத்து வீட்டு அத்தை பிடித்துக்கொண்டாள். "எம் புள்ள அங்க துணியாட்டம் கெடக்கறான். நீ அள்ளுற கையோட குழாயத் தொட்டுத் தொட்டுத்தானே இந்த வியாதி வந்துது?"

சத்தம் கேட்டு ஆண்கள் வந்தார்கள். லைன் பெரியவர் வந்தார். எங்கள் லைனில் பஞ்சாயத்து என்றால் அவர்தான். நைனாவும் வந்தார். அவர் தோளில் தம்பி.

கடைசி வீட்டம்மா யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். "அய்யா, வியாதி என் கையில இல்ல. பைப்புல கீது. கக்கூஸ் பின்னால சாக்கடையில ஒடஞ்சி கீது. வந்து பாருங்க."

யாரும் நகரவில்லை. கக்கூஸுக்குப் பின்னால் யார் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை வேட்டியோடு?

"மேஸ்திரிக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிஞ்சிப்போச்சா?" என்றார் லைன் பெரியவர். சிலர் சிரித்தார்கள்.

அப்போது கடைசி வீட்டம்மா என்னைப் பார்த்தார். "அய்யா, உங்க பாப்பா பாத்துது. அதக் கேளுங்க."

நைனா என் பக்கம் திரும்பினார். லைன் முழுக்கத் திரும்பியது. நைனாவின் முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் ஒரு அவமானம் வந்ததைப் பார்த்தேன். அவர் மகள் அவளோடு சாக்கடையில் குந்தியிருந்தாள் என்று லைன் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ அங்க போனியா?"

"இல்ல நைனா."

"பொய் சொல்றாளா இவ?"

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு எதையாவது கொடுத்துவிட்டுத் தப்பிக்க வேண்டியிருந்தது. "நான் போவல. தூரத்துலருந்து பாத்தேன். அவங்க பைப்புக்குள்ள கைய வுட்டுகினு இருந்தாங்க" என்றேன்.

அதில் பொய்யே கிடையாது, பாருங்கள். 'போவல', 'தூரத்துலருந்து' என்ற ரெண்டையும் தவிர. கையை விட்டார்தான். அதனால்தான் இத்தனை வருஷமும் அதை நான் வெறும் பொய் என்று சொல்லித் தள்ளிவிட முடியவில்லை.

அந்த அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. நைனா தம்பியைத் தோளிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தார். மேடைக்குப் போய் அந்த அம்மாவின் குடத்தைக் காலால் தள்ளினார். கையால் இல்லை. குடம் உருண்டு மண்ணில் நின்றது. "இனிமே இந்தக் குழாய்ப் பக்கம் வராத" என்றார். சத்தமாய்க்கூடச் சொல்லவில்லை. பெஞ்சாதியிடம் கதவைச் சாத்து என்று சொல்வது மாதிரிச் சொன்னார்.

அதற்குப் பிறகு கடைசி வீட்டம்மாவும் பெண்களும் வயல்காட்டு மோட்டார் கொட்டகையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். போக வர வெகு தூரம். சின்னப் பெண்ணுக்கு என் வயதுதான். தலையில் டால்டா டின்னோடு அவள் எங்கள் வீட்டைக் கடக்கும்போது நான் உள்ளே போய்விடுவேன்.

வியாதி நிற்கவில்லை. மாரியம்மன் கோபம் என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு வீடு கேழ்வரகு வசூல் செய்து அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பெரிய அண்டாக்களில் காய்ச்சி ஆறவைத்த கூழ் கெட்டியாகிவிட்டது. எல்லோருக்கும் வரவேண்டுமே என்று குடம் குடமாய்க் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் கரைத்தார்கள். மோரும் சின்ன வெங்காயமும் போட்டார்கள். பம்பை அடித்தார்கள். அவ்வளவு பக்தியோடு அவ்வளவு விஷத்தை யாரும் கலக்கியிருக்கமாட்டார்கள். தம்பி ரெண்டு சொம்பு குடித்தான். மூக்கு நுனியில் கூழ் ஒட்டியிருந்தது. கடைசி வீட்டுப் பெண்கள் கிண்ணத்தோடு வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் வெகு நேரம் நின்றார்கள். அவர்களுக்கு ஊற்ற வேண்டாம் என்று லைன் பெரியவர் சொல்லியிருந்தார். அந்தப் பெண்கள் பிழைத்தது அவருடைய கிருபை.

மறுநாள் மத்தியானம் தம்பிக்கு ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. நைனா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வார்டு முழுக்க எங்கள் லைன்தான். ஒரு கட்டிலில் ரெண்டு பிள்ளைகள். ஃபினாயில் நாற்றத்துக்கு மேல் இன்னொரு நாற்றம். தம்பியின் கையில் ஊசி குத்திப் பாட்டிலில் சொட்டுச் சொட்டாய் இறக்கினார்கள். அவன் தண்ணி தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரிப் பானையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இருந்தது. அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "புள்ளைக்கு வீட்டுத் தண்ணிதான் ஒத்துக்கும்" என்று சொல்லி என்னை வீட்டுக்கு ஓடிப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நான்தான் கொண்டுவந்தேன். குடத்திலிருந்து மொண்டு, துணியில் வடிகட்டி, கார்க்கை அழுத்தி மூடிக் கொண்டுவந்தேன். அம்மா ஸ்பூன் ஸ்பூனாய் ஊட்டினார். எனக்கு அந்த வேப்பிலை நினைவு வந்தது. வந்ததா, இல்லை பிற்பாடு நான் அப்படிச் சேர்த்துக்கொண்டேனா என்று இன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். சில நாள் அதுவும் முடிவதில்லை.

மறுநாள் பகல் ஷிஃப்ட் சங்கு ஊதுகிற நேரத்தில் தம்பி போய்விட்டான்.

அவனைப் புதைத்துவிட்டு வந்த ஆண்கள் குளிக்காமல் குழாயடியில் நின்றார்கள். அப்போது யாரோ ஒருவர்தான் அதைச் சொன்னது: "வூட்டுக்கு வூடு ஆளு வுழுது. அந்தக் கடைசி வூட்ல மட்டும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. இன்னா அர்த்தம்?"

அர்த்தம் பக்கத்திலேயே இருந்தது. கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். அவர்களோ வேறு அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். செய்வினை என்றார்கள். குழாயை விட்டுத் துரத்தியதற்குப் பழி வாங்கிவிட்டாள், அதான் பைப்பில் கையை விட்டு என்னவோ போட்டாள் என்றார்கள். அந்தக் கையை நான்தான் அவர்களுக்குக் கொடுத்தேன். கம்பும் கடப்பாரையுமாகப் போய்க் கூரைத் தகரத்தைப் பிரித்தார்கள். அடுப்பை உடைத்தார்கள். நைனா தகரம் ஒன்றும் பிரிக்கவில்லை என்று அம்மா பிற்பாடு சொல்லுவார். தூர நின்றாராம். அதைப் பெரிய நியாயம் போலச் சொல்லுவார்.

சாயங்காலத்துக்குள் அந்தக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு போனது. எங்கள் வீட்டு வழியாகத்தான் போனார்கள். கதவிடுக்கில் பார்த்தேன். அவர் புருஷன் நொண்டி நொண்டி நடந்தார்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா லைனுக்கு வந்தார். வீடு வீடாய்ப் போய்க் கேட்டு ஒரு நோட்டில் எழுதினார். கடைசியில் குழாயடியில் நின்று ஆண்களைக் கூப்பிட்டார்.

"எல்லா வீட்டுலயும் இருக்கு. யாருக்குமே வராத வீடு ஒண்ணாவது இருக்கா?"

லைன் பெரியவர், "கடைசி வூடுங்க" என்றார்.

"அவங்களும் இந்தத் தண்ணிதான் குடிக்கறாங்களா?"

"இல்லீங்க. அவங்க... வேற எடத்துலருந்து."

"அவங்களக் கூப்பிடுங்க. பேசணும்."

ஒருவர் பின் ஒருவராய் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். டாக்டரம்மா கடைசி வீட்டுப் பக்கம் நடந்து போய், கூரையில்லாத சுவர்களையும் உடைந்த அடுப்பையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவருக்குப் புரிந்திருக்கும். "பைப்பு எந்த வழியாப் போகுது? தோண்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

தோண்டினார்கள். சாக்கடையைத் திருப்பிவிட்டு, சேற்றை வாரி, கடைசியில் இரும்பு தெரிந்தது. ரெண்டு பைப்புகள் சேருகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. முன்னொரு காலத்தில் யாரோ சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். அது மக்கிப் போயிருந்தது. சோதித்துப் பார்க்க வால்வைத் திறந்தபோது குழிக்குள் தண்ணீர் கொப்புளித்தது. மூடியதும் குழியில் இருந்த கருப்புத் தண்ணீர் வளைந்து உள்ளே இறங்கியது. லைன் முழுக்க நின்று அதைப் பார்த்தது. பக்கத்து வீட்டு அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குமட்டினாள்.

நைனா குழியின் விளிம்பில் நின்றிருந்தார். மெல்லத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

உங்க பாப்பா பாத்துது, அதக் கேளுங்க என்று அந்த அம்மா சொன்னது அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் கேட்டது. இப்போது அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவேண்டும் என்றுகூட நினைத்தேன். அவர் பார்வையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் உயிரோடு இருந்தார். என்னைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். கடைசி வரைக்கும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் ஒன்பது வயதுப் பிள்ளை. போய்ப் பார்த்திருக்க வேண்டியவர் அவர். எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் அப்படி ஒரு ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஊர்க் கிணற்றுக் கதையை அவர் அப்புறம் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை.

பைப்பு மாற்றினார்கள். சுண்ணாம்புப் பவுடர் தூவினார்கள். தண்ணீரில் மருந்து வாசனை வந்தது. கொஞ்ச நாள் காய்ச்சினோம், பிறகு விட்டுவிட்டோம். லைனில் யாரும் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போகலாம் என்று சொல்லவில்லை. கக்கூஸுக்கு வேறு ஆள் வந்தார். அவரும் மேடைக்குக் கீழேதான் குடம் வைத்தார்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் அம்மா தலை வாரிக்கொண்டு, என்னையும் கிளம்பச் சொன்னார். எங்கே என்று கேட்டேன். ஆண்டர்சன்பேட்டை வரை வெயிலில் நடந்தோம். கடைத்தெருவைத் தாண்டி, விசாரித்து விசாரித்து, ஒரு குடிசை வரிசைக்குப் போனோம். கடைசி வீட்டம்மா வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

அம்மா பேச வாயெடுத்தார். வரவில்லை. வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாரே, அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அந்த அம்மாதான் முதலில் பேசினார். "நல்லா கீறீங்களாம்மா? சின்னவன் எப்படி கீறான்?"

குழாயை விட்டுத் துரத்திய நாளிலிருந்து லைனில் யாரும் அவர்களோடு பேசியதில்லை; தம்பி ஆஸ்பத்திரியில் இருந்ததோ செத்ததோ அவருக்குத் தெரியாது. எதற்காக வீட்டைப் பிரித்தார்கள் என்றுகூட அவருக்கு முழுசாகத் தெரிந்திருக்காது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா கீறான்" என்றார் அம்மா.

"சந்தோஷம்" என்றார் அவர். சந்தோஷமாகத்தான் சொன்னார். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வெயில்ல வந்து கீறீங்க, இருங்க" என்று உள்ளே போனார். பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். புளி போட்டுத் தேய்த்த சொம்பு, பளபளவென்று இருந்தது. தண்ணீர் அடி வரை தெளிவாய்த் தெரிந்தது. ரெண்டு கையாலும் நீட்டினார்.

அம்மா அதைப் பார்த்தார். கை கொஞ்சம் எழுந்தது என்றுதான் நினைக்கிறேன். "வேணாம்மா. இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்றார்.

சொம்பு என் பக்கம் திரும்பியது.

"எனக்கும் வேணாம்" என்றேன்.

அவர் சொம்பை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தண்ணீரைக் கொட்டாமல் உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அவர் திரும்பி வருவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். வழி நெடுக எனக்கு நாக்கு வறண்டது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கடைத்தெருவில் ரெண்டு இடத்தில் குழாய் இருந்தது. நாங்கள் நிற்கவில்லை.